விலாங்கு மேனேஜரான வருஷம்

விலாங்கு எங்கள் கால்பந்து கிளப்புக்கு மேனேஜராக வந்த அன்று மைதானத்து வாசலில் கால் வைக்க இடமில்லை. கைக்குழந்தையோடு வந்து நின்றவர்கள்கூட உண்டு. ஆடிய காலத்தில் நாலு பேர் சுற்றி வளைத்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடுவான் என்பதால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவன் அக்கா மட்டும்தான். அந்த அக்காவைக் கட்டியவன் நான். ஊருக்கு அவர், எனக்கு அவன். நான் அங்கே உதவிப் பயிற்சியாளராக ஏற்கெனவே குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆட்டக்காரன் நல்ல மேனேஜர் ஆவானா என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

முதல் நாள் பயிற்சியில் பந்தைக் காலடியில் போட்டுக்கொண்டு, "வாங்கப்பா, எடுங்க பாக்கலாம்" என்றான். வயது நாற்பத்தைந்து, முட்டியில் இரண்டு ஆபரேஷன். மூன்று டிஃபெண்டர்கள் பாய்ந்தார்கள். ஒருவன் புல்லில் குப்புற விழுந்தான். ஒருவன் காற்றை உதைத்தான். மூன்றாமவன் நின்ற இடத்திலேயே நின்று, பந்து போன திசையைத் தேடிக்கொண்டிருந்தான். யாரும் கை தட்டவில்லை. எல்லோருக்கும் வாய் திறந்தே இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"எப்படிண்ணே?" என்று கேட்டான் ஓரத்தில் ஓடி ஆடும் எங்கள் விங்கர். ஆள் குள்ளம், ஓட்டம் புயல். அவனை எல்லோரும் பம்பரம் என்போம்.

விலாங்கு யோசித்தான். "எப்படின்னா... அவன் வருவான்ல? அப்ப நீ போயிடணும். அவ்ளோதான்."

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. அவன் செய்து காட்டுவான், இவர்கள் திணறுவார்கள். மறுபடி செய்து காட்டுவான். "இது கூடவா வரல?" என்று தலையில் அடித்துக்கொள்வான். வேண்டுமென்றே புண்படுத்தச் சொன்னதில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாரோ கேட்டதுபோல நிஜமாகவே குழம்பிப் போயிருந்தான். ஆட்டங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தன. பம்பரம் ஆளைத் தாண்டிப் போவதையே விட்டுவிட்டான். பந்து வந்தால் சூடு பட்டதுபோலப் பின்னால் தட்டிவிடுவான்.

"ஏண்டா முன்னால போக மாட்டேங்கிற?" என்று டிரெஸ்ஸிங் ரூமில் கத்தினான் விலாங்கு.

பம்பரம் ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்கண்ணே. உங்க முன்னாடி பண்ணக் கூச்சமா இருக்கு."

விலாங்கு வெளியே போனான்.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தான். அக்கா கொடுத்த காபியை ஆறவிட்டுவிட்டு, டிவியில் தன் பழைய கோலைப் போட்டான். எல்லோருக்கும் தெரிந்த கோல் அது. எதிரணியில் பூட்டு என்று ஒரு டிஃபெண்டர். யாரையும் தாண்டவிட மாட்டார் என்று பேரெடுத்தவர். விலாங்கு அவரை நோக்கி ஓடுகிறான். பூட்டு திடீரென்று பின்பக்கம் தரையில் பட உட்கார்ந்துவிடுகிறார். பந்து வலைக்குள் போகிறது. பூட்டு உடைந்தது என்று மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் தலைப்பு.

"மச்சான், இங்க நான் என்ன பண்றேன்?"

"என்னைக் கேட்டா?"

"நெஜமா எனக்குத் தெரியல மச்சான். கால் தானா பண்ணுச்சு, நான் கூடப் போனேன்." திரையில் உட்கார்ந்திருந்த மனிதரைக் காட்டினான். "அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"மாப்ளே, அந்த மனுஷன் உன்னால இன்னிக்கு வரைக்கும் கேலிக்கு ஆளாகுறாரு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய்க் கேப்ப?"

"இருக்கிற மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான்."

பூட்டு இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது ஒரு அம்மாவுக்கு வண்டி பழக்கிக்கொண்டிருந்தார். விலாங்கைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "பின்னால ஏறுங்க, பாடம் முடியல" என்றார். இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள்போல ஏறி உட்கார்ந்தோம். அந்த அம்மா கண்ணாடியில் விலாங்கைப் பார்த்துவிட்டார். வண்டி குலுங்கி நின்றது.

"அம்மா, ரோட்டப் பாருங்க. அவரு எங்கயும் போக மாட்டாரு."

வண்டி மறுபடி ஊர்ந்தது. விலாங்கு முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டான். "அண்ணே, அன்னிக்கு நான் உங்கள என்ன பண்ணேன்?"

பூட்டு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வண்டி ஒரு திருப்பத்தைத் தாண்டியது. திட்டி இறக்கிவிடப்போகிறார் என்றே நினைத்தேன்.

"இத்தனை வருஷத்துல இத என்கிட்ட கேட்ட மொத ஆளு நீதான்" என்றார். "எல்லாரும் விழுந்தப்ப எப்படி இருந்துச்சுன்னுதான் கேப்பாங்க. நீ ஒண்ணும் பண்ணலப்பா. சட்டுனு வேகத்தக் குறைச்ச. என் எடை இடது கால்ல இறங்குற வரைக்கும் காத்திருந்த. அது எனக்கே தெரியறதுக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிருச்சு. நீ பந்தையும் பாக்கல, என் கண்ணையும் பாக்கல. என் இடுப்பப் பாத்த. நீ பந்தத் தொடும்போது நான் விழுந்து முடிச்சிருந்தேன்."

விலாங்கின் கண்கள் விரிந்தன. "அப்படியா பண்ணேன்?" என்றான். தன் பெருமையைக் கேட்கிற குரல் இல்லை அது. எங்கோ தூரத்தில் நடந்த அதிசயத்தைக் கேட்பவனின் குரல்.

"எங்க பசங்களுக்கு வந்து சொல்லுவீங்களாண்ணே?"

"அத்தனை பேர் முன்னாடி மறுபடி விழச் சொல்றியா?"

"இல்லண்ணே. நான் விழறேன்."

பூட்டு முதல்முறையாகத் திரும்பி அவனைப் பார்த்தார். அந்த அம்மா தானாகவே வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

வந்தார். வயிறு கொஞ்சம் முன்னால் வந்த பூட்டு, டிராக் சூட்டில். பம்பரத்தின் காலில் பந்தைக் கொடுத்து, எதிரே டிஃபெண்டராக விலாங்கை நிறுத்தினார். "பந்த மறந்துரு. இவரு இடுப்ப மட்டும் பாரு. எடை எந்தப் பக்கம் எறங்குதோ, அதே பக்கம் போ. எறங்குன காலு எந்திரிக்க நேரமாகும்."

பம்பரம் முதலில் தடுமாறினான். பிறகும் தடுமாறினான். விலாங்கு சலிக்காமல் போய்ப் போய் நின்றான். கடைசியில் ஒருமுறை பம்பரம் சட்டென்று மெதுவானான். விலாங்கின் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த நொடி உலகமே கொண்டாடிய மனிதன் புல்லில் உட்கார்ந்திருந்தான்.

சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. விலாங்கு எழுந்திருக்கவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே," என்று பூட்டைக் கூப்பிட்டான், "இங்கேருந்து பாத்தா இப்படித்தான் தெரியுமா?"

"இப்படித்தாம்பா தெரியும்."

"யப்பா!" என்றான் விலாங்கு. பிறகு எங்கள் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரையும் டிஃபெண்டராக நிற்கவைத்து, ஏமாறவைத்து, என்ன தெரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தான். அன்றிலிருந்து எங்கள் பயிற்சி அதுதான். அவன் செய்து காட்டுவதை அடியோடு நிறுத்தினான். கேட்க ஆரம்பித்தான். பூட்டு வாரத்தில் இரண்டு நாள் டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டு வந்தார்.

சீசன் முடியும் சமயத்தில் புள்ளிப் பட்டியலில் முதலில் இருந்த அணியோடு ஆட்டம். பம்பரத்துக்குப் பந்து கிடைத்தது. எதிரே மலைபோல ஒரு டிஃபெண்டர். பம்பரம் மெதுவானான், காத்திருந்தான். ஆனால் நாங்கள் சொல்லிக்கொடுத்த பக்கம் போகவில்லை. பந்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தான் மறுபக்கமாகச் சுழன்று ஓடி, அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் பந்தைப் பிடித்தான். அரங்கமே எழுந்துவிட்டது.

விலாங்கு என் தோளை அழுத்திப் பிடித்தான். வலித்தது. "மச்சான், இத நான் பண்ணதே இல்லையே!"

"இல்ல," என்றார் பூட்டு. "என்கிட்டயும் யாருமே இத பண்ணதில்ல."

பம்பரம் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டத்திலும் தோற்றோம். பட்டியலில் பாதிக்குக் கீழேதான் அந்த வருஷம் முடிந்தது. ஆனாலும் ஆட்டம் முடிந்து விளக்கெல்லாம் அணையத் தொடங்கிய பிறகும் விலாங்கு மைதானத்தை விட்டு நகரவில்லை. பம்பரம் சுழன்ற அந்த இடத்துக்குப் போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பந்தில்லாமல் ஒருமுறை சுழன்று பார்த்தான். வரவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி முயன்றான்.