மாங்கொட்டைக் கரி

இரும்பு உருக்கும் உலையின் வயிற்றைச் சுற்றிலும் சுடுகாற்றுக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் உள்ளே பார்க்க ஒரு சின்னத் துளை. கன்னையா உள்ளங்கை அகல நீலக் கண்ணாடியைக் கண்ணருகே பிடித்து, ஒவ்வொரு துளையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தான். வெள்ளைத் தீயின் நடுவே கரித்தூள் பாய்வது கறுப்பு நிழலாகத் தெரியவேண்டும். இத்தனை வருஷமும் நிலக்கரித் தூளைத்தான் ஊதினார்கள். இன்று காலையிலிருந்து சோதனைக்காக மாங்கொட்டைக் கரி. அவன் மனைவி தாட்சாயணி சுட்டது.

புத்தலப்பட்டுப் பக்கம் மாம்பழக்கூழ் கம்பெனிகள் கொட்டிவிட்டுப் போகிற கொட்டைகளை, ஈயையும் புளித்த வாடையையும் சகித்துக்கொண்டு, அவளும் சில பெண்களும் கோடை முழுக்கக் காயவைத்து டிரம்மில் சுட்டார்கள். சோதனை தேறினால் நிரந்தர ஆர்டர். இல்லாவிட்டால் டிரம்களைப் பழைய இரும்புக்குப் போடவேண்டியதுதான்.

ஒரு துளையில் நிழல் மெலிந்திருந்தது. அடுத்ததில் இல்லவே இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. தூள் ஈரத்தில் கட்டிக்கொண்டு குழாயை அடைத்திருந்தது. கன்னையாவுக்குக் காரணம் தெரியும். போன மாதம் சாம்பிள் மூட்டை பாகாலா அருகே லாரியிலேயே கனன்று புகைந்துவிட்டது. அந்தப் பயத்தில் தாட்சாயணி இந்த முறை எல்லா மூட்டைக்கும் தண்ணீர் தெளித்து அனுப்பியிருந்தாள். பால் பாத்திரத்துக்கு இரண்டு மூடி போடுகிறவள் அவள்.

ஷிப்ட் இஞ்சினியர் கிரண்குமார் பின்னால் வந்து நின்றார். யார் வீட்டுக் கரி என்று அவருக்கும் தெரியும்.

"ஏம் கன்னையா, நிலக்கரிக்கே மாத்திடலாமா? நீயே சொல்லு."

இப்படிக் கேட்பதற்குப் பதில் அவர் ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் அந்தப் பக்கம் உலை சூடு இறங்கினால் உருகிய இரும்பு உள்ளேயே உறைந்துபோகும்.

"மாத்திடலாம் சார்."

வால்வையும் அவனே திருகினான்.

கேட்டுக்கு வெளியே அடுத்த லோடு வந்து நின்றிருந்தது. லாரி நிழலில் தாட்சாயணி உட்கார்ந்திருந்தாள். நகக்கண்ணெல்லாம் கரி. அவன் நடந்து வந்த விதத்திலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"தண்ணி தெளிச்சதாலயா?"

"ம். ஈரம். குழாய்ல அடைச்சிக்கிச்சி."

"யாரு நிறுத்தனது?"

"நான்தான்."

அவள் திட்டினால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. அவள் எழுந்து அவன் சட்டைப்பையிலிருந்த நீலக் கண்ணாடியை எடுத்தாள்.

"இதுலதான் பாத்துக்கினு இருந்தியா? எரிஞ்சுதா?"

"கொஞ்ச நேரம் நல்லாவே எரிஞ்சுது."

கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து லாரி மூட்டைகளைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியலியே."

"நெருப்பப் பாக்கறதுக்குத்தான் அது. மத்தது தெரியாது."

அவள் கண்ணாடியை இறக்கவில்லை.

"அக்கா, வண்டிய திருப்பட்டா?" என்று டிரைவர் தலையை நீட்டிக் கேட்டான்.

கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, கொஞ்சம் இரு என்று கரி படிந்த மறு கையைக் காட்டினாள்.