உரிமையாளர் பெயர் இல்லாத சரக்கு

மகளின் லேப்டாப் மீது வாகீசனுக்குச் சந்தேகம் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மயூரா ஹாலுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் அதைத் திறந்தாள். திரை முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஏறி மறைந்தன. வழக்கமான விண்டோஸ் படம் வரும் என்று காப்பியை ஆற்றியபடி காத்திருந்தார், வரவே இல்லை. அவர் எட்டிப் பார்த்ததும் மயூரா திரையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். சன்னல் வெயில் கூசியதால்கூட இருக்கலாம். வாகீசன் அப்படி நினைக்கிற ஆள் இல்லை.

துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்த்தே ஓய்வு பெற்ற மனிதர் அவர். உத்தியோகம் போன பிறகும் சந்தேகம் மட்டும் போகவில்லை. ஆன்லைன் மோசடிக் கும்பலில் பிடிபட்ட பிள்ளைகளைப் பற்றிச் செய்தி வந்தால் முதலில் வயதைத்தான் பார்ப்பார். இருபத்தொன்று, இருபத்திரண்டு. மயூராவுக்கும் இருபத்திரண்டு. மனைவி இறந்த பிறகு அவருக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். போலீஸ் வந்து அவளைக் கூட்டிப்போவதை நினைத்தாலே எழுந்து போய் வாசல் கதவைச் சரிபார்ப்பார்.

மறுநாள் நகரத்தின் பெரிய கடைகளில் ஏறி இறங்கினார். விண்டோஸ் இல்லாத லேப்டாப் இருக்கிறதா என்று கேட்டார். முதல் கடைக்காரர் சிரித்தார். இரண்டாவது கடையில் அதை யார் வாங்குவார்கள் என்று அவரையே திருப்பிக் கேட்டார்கள். இன்னொரு கடையில் ஒரு பெண், வேண்டுமானால் ஆன்லைனில் வரவழைக்கலாம், மூன்று வாரமாகும் என்றாள். ஆறு கடை ஆயிற்று, ஒன்றிலும் இல்லை. நல்ல கடை எதுவும் விற்காத பொருள் மகளுக்கு மட்டும் எங்கே கிடைத்தது? வீட்டில் கிடந்த அட்டைப்பெட்டியில் லிட்டில் இந்தியா வட்டாரத்துக் கடை ஒன்றின் முகவரி இருந்தது.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கடை. முன்னால் போன் உறைகள் தொங்கின, உள்ளே லேப்டாப் வரிசை. துவாஸ் பக்கத்துத் தொழிலாளர் விடுதிகளிலிருந்து லீவு நாளில் வருகிறவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள் என்றார் கடைக்காரர் சேக் தாவூது. விண்டோஸுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை, அதனால் விலை குறைவு. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுத் தருகிறார். கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னார். அதுவே வாகீசனுக்குப் பிடிக்கவில்லை.

“இந்த லினக்ஸ் யாரோடது?”

“ஒருத்தரோடது இல்ல அங்கிள். உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதுறாங்க, ஃப்ரீயா குடுக்குறாங்க. யாரும் எடுத்துக்கலாம் லா.”

“சும்மா குடுக்குறவங்களுக்கு இதுல என்ன கிடைக்குது?”

சேக் தாவூது சிரித்துவிட்டுத் தேநீர் சொல்லட்டுமா என்றார். வாகீசன் வேண்டாம் என்றார். உரிமையாளர் பெயர் இல்லாத சரக்கு அவர் மேசைக்கு வந்திருந்தால், அது வெறும் கோதுமை மாவாக இருந்தாலும் நிறுத்தி வைத்திருப்பார்.

புதன்கிழமை மயூரா தேர்வு எழுதப் போனதும், லேப்டாப்பை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு தோ பாயோவுக்குப் போனார். அங்கே பழக்கமான ரிப்பேர் கடை ஒன்று உண்டு. முறையான விண்டோஸ் போட்டுக் கொடுங்கள் என்றார். கடைக்காரர் ஒரு படிவத்தை நீட்டினார். வாகீசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். உள்ளே இருக்கும் கோப்புகளை எடுத்து வைக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி இருந்தது. விண்டோஸே இல்லாத பெட்டியில் என்ன கோப்பு இருக்கப்போகிறது? ‘வேண்டாம்’ என்பதில் குறி போட்டு, தேதியோடு முழுக் கையெழுத்தும் போட்டார்.

சாயங்காலம் மயூரா லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் விண்டோஸ் படம் வந்தது.

“அப்பா, இத யார் தொட்டா?”

இந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்தார். திருட்டுச் சரக்கை எடுத்துவிட்டு நல்லதைப் போட்டாயிற்று, இனி எந்தக் கும்பலும் அவளை நெருங்க முடியாது, நடந்ததை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றார். ஆறு கடை, லிட்டில் இந்தியா, தோ பாயோ என்று தான் அலைந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார்.

மயூரா குரலை உயர்த்தவில்லை. பல்கலைக்கழகத்தில் அவள் வகுப்பில் பாதிப்பேர் லினக்ஸ்தான் வைத்திருக்கிறார்கள் என்றாள். கடைசி வருட ப்ராஜெக்ட் அதில்தான் இருந்தது. பேராசிரியரிடம் போன மாதப் பிரதி இருக்கிறது. அதற்குப் பிறகு எழுதியது எதுவும் வேறெங்கும் இல்லை. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அந்தக் கையெழுத்தை நினைத்ததும் வாகீசனுக்கு அவமானமாக இருந்தது.

“அத்தனை பேர்கிட்ட கேட்டீங்களே, என்கிட்ட ஏன்பா கேக்கல?”

அவர் துணிப்பையை எடுத்து மடித்தார்.

“கேட்டிருந்தா, நான் சொல்றத நம்பியிருப்பீங்களா?”

நம்பியிருப்பேன் என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரமும் மயூரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.