ஒன்பதாம் நம்பர் மலையின் மண்

ஒன்பதாம் நம்பர் மலையில் தேயிலைத் தூரடி மண்ணைச் சுரண்டி மூன்றாவது சாக்கை நிரப்பிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் ஹெர்பர்ட் வந்து நின்றார். தேயிலைக்கு விலையில்லை என்று ஃபேக்டரியை மூடி ஐந்து மாதமாகிறது. கோயம்புத்தூர் போன எஸ்டேட் துரை போனவர்தான். ஹெர்பர்ட்டுக்கும் சம்பளம் கிடையாது. ஆனாலும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு தினமும் ஒரு சுற்று வந்துவிடுவார்.

"மண்ணையுமா வீரையா?" என்றார்.

"மண்ண எண்ணி வச்சிட்டா தொர போயிருக்காரு?"

அவர் சிரிக்கவில்லை. பீன்ஸ் காய்த்தால் தனக்கும் ஒரு பிடி வேண்டும் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த இடம் வெறும் பாறை. கடப்பாரை போட்டால் தோள்வரை அதிரும். மண் கொட்டித்தான் பாத்தி கட்ட வேண்டும். கீழே பால்காரச் சேட்டன் தொழுவத்தில் சாணியும் மக்கிய குப்பையும் கேட்டு வாங்கலாம் என்று அன்னக்கிளி சொன்னாள். நான் எரிந்து விழுந்தேன். இருபத்திரண்டு வருஷம் தேயிலைக்கு உரம் போட்டவனுக்கு மண்ணைப் பற்றிப் பெண்டாட்டி பாடம் எடுப்பதா? எஸ்டேட்டில் அத்தனை உரமும் தின்ற மண் தேயிலைத் தூரில்தானே இருக்கிறது. பதினோரு வயதில் தாயகம் திரும்பியவர்களோடு கப்பலில் வந்து இறங்கிய நாள் முதல் வேறு எந்தச் செடிக்கும் நான் ஒரு கை மண் அள்ளிப் போட்டதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. பதினாறு சாக்கு சுமந்தேன். ஃபேக்டரிக்குப் பின்னால் குவிந்து கிடந்த தேயிலைத் தூசியைக் கலந்தேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிக் கழித்தபோது உதிர்ந்த சருகை மேலே மூடினேன். பார்க்கக் கறுகறுவென்று அழகாக இருந்தது.

கோத்தகிரியிலிருந்து அன்னக்கிளியின் அக்கா கொடுத்தனுப்பிய பீன்ஸ் விதை இரண்டு பிடி. கஞ்சியும் ஒரு வேளையாகிவிட்ட வீட்டில் அதை வைத்துக் காப்பது லேசல்ல. அவித்துத் தரச் சொல்லி மகள் கீர்த்தனா இரண்டு நாள் அழுதாள். ஏழு வயதுப் பிள்ளை. அன்னக்கிளி கொடுக்கவில்லை. பாதியை ஊன்றினோம், பாதியைத் துணியில் முடிந்து வைத்தாள்.

முளைத்தது. நான்காம் இலை விடுவதற்குள் எல்லாம் மஞ்சளாகி, சுருண்டு, படுத்துவிட்டது.

வெட்கத்தை விட்டு, ஒரு செடியை மண்ணோடு பிடுங்கிக்கொண்டு சேட்டனிடம் போனேன். அவர் மண்ணைக் கிள்ளி முகர்ந்தார்.

"இது தேயிலைக்கு மட்டும் உள்ள மண்ணாக்கும் வீரையா. நீங்க இட்ட உரத்திலே புளிச்சுப் போச்சு. சுண்ணாம்பு இட்டாத்தான் வேற எதும் வரும்."

நான் போட்ட உரம். என் கையாலேயே போட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சாணி ஒரு கூடை கொடுத்தார். சுண்ணாம்பு அவரிடம் இல்லை. கடையில் வாங்க என்னிடம் எதுவும் இல்லை. இன்னும் பதினைந்து நாளில் மழை பிடித்தால் பிறகு இரண்டு மாதம் விதைக்க முடியாது.

வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அன்னக்கிளி துணி முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதையும் ஒங்க மண்ணுலயே போடணுமா? புள்ளைக்கு அவிச்சுக் குடுத்தா இன்னைக்காவது தூங்கும்."

சுவரைப் பார்த்தேன். முன்பெல்லாம் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன் எஸ்டேட்டில் லயம் முழுக்க வெள்ளையடிப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனையோ வருஷத்துச் சுண்ணாம்பு. அது போய்விட்டால் மழைக்குச் சுவர் ஊறும். தெரியும். கவ்வாத்துக் கத்தியை எடுத்து, முதுகுப் பக்கம் திருப்பி, சுரண்டத் தொடங்கினேன். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் சிவப்பு மண் தெரிந்தது.

"தரையில கொட்டாதீங்க," என்றாள் அன்னக்கிளி. முடிச்சை அவள் அவிழ்க்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அடுப்பில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது.

கீர்த்தனா எழுந்து போய்த் தன் சோற்றுத் தட்டை எடுத்து வந்தாள். சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். தட்டில் வெள்ளையாக விழுந்துகொண்டே இருந்தது.