நாலாவது கட்டத்தில் எழுதியது

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, கடைசியில் இருக்கிறவருக்கும் காது கேட்க வேண்டும். ஒருவர் கூனிக் குறுகி நின்ற கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவரை வெறுத்துமட்டும் விடாதீர்கள்.

லேத்துப் பட்டறையில் வேலை பார்த்ததால் எல்லோருக்கும் அவர் லேத்து. அப்பா விட்டுப்போன வீட்டில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். லேத்து நகரத்தின் மறுகோடியில் வாடகைக்கு இருந்தார். அப்பா இறந்த மாதம் அண்ணன் ஒரு தாளை நீட்டினார். இவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஒன்பது வருஷமாக அது நினைவிலேயே இல்லை. அண்ணன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார் என்று பட்டறையில் யாரோ சொன்னதும்தான் அந்தத் தாள் ஞாபகம் வந்தது. விற்கப் போகிறாரோ? அந்தக் கையெழுத்தை வைத்து வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டாரோ?

நேரில் கேட்க வாய் வரவில்லை. அரைநாள் லீவு போட்டு நிலப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். எந்த வீடு யார் பேரில் இருக்கிறது என்று யாரும் அங்கே கேட்கலாம். விண்ணப்பத்தில் கதவு எண், தெரு, கேட்பவர் பேர் எல்லாம் எழுதினார். நாலாவது கட்டம், கேட்கும் காரணம். அதை மட்டும் எழுதாமல் நீட்டினார்.

"காரணம் எழுதுங்க சார்," என்றார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அம்மா.

"சும்மாதான் மேடம்."

"சும்மான்னு எழுதினா எங்க ஆபீசர் என்னைச் சும்மா விடமாட்டார்."

எரிச்சலில் லேத்து பேனாவை அழுத்தி எழுதினார்: 'அண்ணன் ஏமாற்றிவிட்டதாகச் சந்தேகம்.'

பத்தே நிமிஷத்தில் நகல் வந்தது. உரிமையாளர்கள் இருவர். அண்ணன் பேர், அடுத்து இவர் பேர். சரிபாதி. தேதி ஒன்பது வருஷம் பழையது. அன்று அண்ணன் நீட்டிய தாள் இதற்குத்தான்.

லேத்துவுக்குக் காது மடல் சுட்டது. "மேடம், அந்த விண்ணப்பத்தைக் குடுத்துடுங்க. கிழிச்சுப் போட்டுடறேன்."

"முத்திரை விழுந்தாச்சே. அது அப்படியே ஒரு காப்பி தபால்ல அந்த வீட்டுக்குப் போயிடும். யாரு கேட்டாங்க, எதுக்குக் கேட்டாங்கன்னு வீட்டுக்காரங்களுக்குத் தெரியணும்ல."

மறுநாளிலிருந்து தபால்காரர் வருகிற பதினோரு மணிக்கு லேத்து அண்ணன் வீட்டு வாசலில் ஆஜர். தபாலை வழியிலேயே மடக்கிவிடுவது என்று திட்டம். அண்ணிக்கோ தலைகால் புரியவில்லை.

"வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்குற ஆளு! குடையை எடுத்து வைங்க, மழை கொட்டப் போகுது," என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தார். முதல் நாள் டீ. இரண்டாம் நாள் டீயோடு பிஸ்கட். மூன்றாம் நாள், "சாப்பிட்டுத்தான் போகணும் தம்பி." லேத்து வாசலில் ஒரு கண்ணை வைத்தபடியே சாப்பிட்டார்.

நாலாம் நாள் அவர் கை கழுவப் போன நேரம் பார்த்துத் தபால் வந்தது. அண்ணி அதை வாங்கி, "நிலப் பதிவு ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கு," என்று லேத்துவின் கையிலேயே கொடுத்தார்.

"என் கையெல்லாம் பெயிண்ட்டு. நீயே படிடா," என்றார் ஏணியிலிருந்து அண்ணன். "வீட்டு விஷயமா? அப்போ உனக்கும்தான் வந்திருக்கு. பாதி உன்னுதாச்சே!"

ஏதோ வரி ரசீது என்று சொல்லி மடித்துப் பையில் போட்டிருக்கலாம். அதற்குத்தானே நாலு நாளாகக் காத்திருந்தார்? ஆனால் அந்தப் 'பாதி உன்னுது' அவரை உடைத்துவிட்டது. கதவு எண்ணில் தொடங்கி நாலாவது கட்டம்வரை ஒரு சொல் விடாமல் படித்தார்.

அண்ணன் இறங்கி வந்தார். பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்தார். வழித்ததையே மறுபடியும் வழித்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா."

அண்ணி கேட்டார்: "அப்போ இந்த நாலு நாளும் நீங்க வந்தது எங்களைப் பாக்க இல்லையா தம்பி?"

"இல்லை அண்ணி," என்றார் லேத்து, தரையைப் பார்த்தபடி. இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டுப் படியேறி வருகிறவர்கள் உங்களைப் பார்க்கவே வரட்டும். கூடப்பிறந்தவர்களோடு மனம்விட்டுப் பேசி, வீடு நிறைய நன்றாக இருங்கள்.