பேஸ் என்று எழுதிய குமிழ்

சிப்காட்டில் இருக்கும் அந்த இரும்பு ஆலையின் ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் ரகுவின் மெல்லிசைக் குழுதான். இந்தத் தடவை மேடையேறும் முன்பே ரகு, குழுவில் பேஸ் கிடார் வாசிக்கும் ஜெனிபரைத் தனியே கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"போன புரோகிராம்ல, வேப்பம்பட்டுல இன்னா ஆச்சுன்னு உனக்கே தெரியும். ஒரு நோட்டு குமுறுது, அடுத்த நோட்டு காணாமப் பூடுது. இன்னிக்கும் அப்படியே இருந்துச்சுன்னா, அடுத்த புரோகிராம்ல இருந்து கீபோர்டுலயே பேஸ் வாசிச்சுக்கிறோம். கோச்சுக்காத ஜெனி."

கோபித்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? வாரத்தில் ஆறு நாள் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பிரேக் டிரம்மைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது ஜெனிபரின் வேலை. கணீரென்றால் தேறியது, மொத்தென்றால் உள்ளே விரிசல். மேடையில் நாலு கம்பியோடு நிற்கிற மூன்று மணி நேரத்துக்காகத்தான் அந்த ஆறு நாளையும் பொறுத்துக்கொண்டிருந்தாள். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவளுக்கென்று மிச்சம் ஒன்றும் இல்லை.

மைக்செட் பழவேற்காட்டு அப்ராருடையது. தங்கமான மனிதர்தான், ஆனால் காதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறார் என்று ஜெனிபர் மனசுக்குள் திட்டுவாள். பேஸ் கிடார் என்றால் ஆம்ப்ளிஃபயரில் 'பேஸ்' என்று எழுதியிருக்கும் குமிழை முழுசாகத் திருகிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. உண்மையைச் சொன்னால் அவளும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். பேரிலேயே பேஸ் இருக்கிறதே!

"கும்முனு இருக்கணும்மா. ஜனங்க அதத்தான் கேக்குறாங்க," என்றார் அப்ரார்.

கும்மென்றுதான் இருந்தது. சரி பார்ப்பதற்காக ஒவ்வொரு நோட்டாக வாசித்துக்கொண்டே போனாள். மூன்றாம் கம்பியில் மூன்றாம் ஃபிரெட் கட்டத்தைத் தொட்டதும் ஷெட்டின் கூரைத் தகடெல்லாம் கடகடத்தது. அதற்கு அடுத்த இரண்டு நோட்டும் அந்த இரைச்சலில் முங்கிப்போயின. கைதான் சரியில்லையோ என்று திரும்பத் திரும்ப வாசித்தாள். அப்போதுதான் உள்ளங்காலில் அதிர்வு தெரிந்தது. குனிந்து மேடைப் பலகையைக் கைமுட்டியால் தட்டினாள். பலகைக்கு அடியில் வரிசையாக நிறுத்தியிருந்தவை காலி எண்ணெய் டிரம்கள். தட்டினால் அதே நோட்டு.

"பாய், கத்துறது கிடார் இல்ல. மேடை."

இரண்டு பேருமாகப் பேஸ் ஸ்பீக்கர் பெட்டியைக் கீழே சிமென்ட் தரையில் இறக்கி, சுவரை விட்டுத் தள்ளி வைத்தார்கள். குமுறல் பாதி அடங்கியது. மீதி அப்படியே இருந்தது. மிச்சக் குமுறல் இந்தக் குமிழால்தானோ என்று ஜெனிபர் ஆம்ப்ளிஃபயரில் 'பேஸ்' குமிழைப் பாதிக்குக் கொண்டுவந்தாள். பக்கத்தில் 'மிட்' என்று எழுதி, யாரும் சீண்டாமல் தூசி படிந்து கிடந்த நடு ஒலிக் குமிழைக் கொஞ்சம் ஏற்றினாள். வாசித்துப் பார்த்தபோது அவளுக்கே பிடிக்கவில்லை.

"இன்னாமா இது, சளி புடிச்சவன் பேசுற மாரி கீது," என்றார் அப்ரார்.

"இப்படியே உடுங்க பாய். தப்பாப் போச்சுன்னா என் தலையில போடுங்க."

ஆறு மணிக்கு ஷெட் நிரம்பிவிட்டது. முதல் பாட்டில் டிரம்ஸ் விழுந்ததும் அந்தச் சளிக்குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. தனியாகக் கேட்டபோது அசிங்கமாக இருந்த அதே சத்தம், மற்ற வாத்தியங்களுக்கு நடுவே தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டு நின்றது. அடிக் கம்பியிலிருந்து மேல் கம்பி வரைக்கும் எந்த நோட்டும் முண்டவில்லை, எந்த நோட்டும் பதுங்கவில்லை. இனி ஓங்கி இழுக்க வேண்டியதில்லை என்று விரல்களுக்கே தெரிந்துவிட்டது. பாதி பலத்தில் தொட்டாலும் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது. தன் கை என்ன வாசிக்கிறது என்பதை ஒன்பது வருஷத்தில் ஜெனிபர் அன்றைக்குத்தான் கேட்டாள். இவ்வளவு நாளும் இது உள்ளேயே இருந்ததா என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது, கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

ஐந்தாவது பாட்டில் ஓர் இடம் வரும். எல்லா வாத்தியமும் நின்றுவிடும், பேஸ் மட்டும் நாலு சுற்று போகும், அப்புறம் ரகு சரணத்தைத் தொடங்க வேண்டும். வழக்கமாக அந்த இடத்தில் கூட்டம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும். இன்றைக்கு ஒருத்தர்கூட அசையவில்லை. ஷிப்ட் யூனிபார்மோடு வந்தவர்கள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். அப்ரார் ஒலி மிக்ஸரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு நின்றார்.

நாலு சுற்றும் முடிந்தது. ரகு பாடவில்லை.

வரியை மறந்துவிட்டாரோ என்று பதறி ஜெனிபர் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரகு அவள் விரல்களையே பார்த்தபடி நின்றிருந்தார். மைக்கை மெல்லக் கீழே இறக்கினார்.

"இன்னொரு தபா வாசி ஜெனி," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் முதல் சுற்றிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.