ஜாகா வேலைக்கு வேண்டாத இங்கிலீஷ்

இராஜமாணிக்கத்துக்கு ஐம்பத்தெட்டு வயதில் இங்கிலீஷ் பைத்தியம் பிடித்தது. கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடமாக டிராக்டர் ஓட்டுகிறவர். மேனேஜரிடம் மலாய், மற்ற எல்லோரிடமும் தமிழ் என்று காலத்தை ஓட்டிவிட்ட மனிதர், திடீரென்று ஒரு பள்ளிக்கூட நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். வொரீட் அபௌட் யூ. ப்ரவுட் ஆஃப் ஹிம். ஆங்ரி வித் மீ. பசியாற உட்கார்ந்தாலும் அதுதான், மோட்டார் சைக்கிளைத் துடைத்தாலும் அதுதான்.

மனைவி புஷ்பவள்ளி என்ன இதெல்லாம் என்று கேட்டாள். அடுத்த வருடம் வேலை முடிந்ததும் சிரம்பானில் ஏதாவது அடுக்குமாடி வீட்டு வாசலில் ஜாகாவாக நிற்கப் போவதாகவும், காவல் வேலைக்கு இப்போதெல்லாம் இங்கிலீஷ் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்துச் சொன்னார். புஷ்பவள்ளிக்கு அது போதும். ஒன்றுமில்லாத இடத்திலேயே ஒன்பது விஷயம் கண்டுபிடிக்கிறவள் அவள்.

பக்கத்து வீட்டு மணியம் நாலு வருடமாக ஜாகா. அவரிடம் போய்ப் பேச்சோடு பேச்சாக விசாரித்தாள்.

“இங்கிலீஷா? எதுக்கு? ஐசி கார்டு கேக்கணும், வர்ற காடியோட நம்பர் எழுதணும், கேட்டத் தொறக்கணும். மலாய் இருந்தா போதும்லா,” என்றார் மணியம்.

கேட்டைத் திறக்கிறவனுக்குக் கேட், கார், சாவி என்றல்லவா வார்த்தை வேண்டும்? இவருடைய முணுமுணுப்பில் அப்படி ஒரு பொருளும் இல்லை. போதாததற்குப் போனைக் குளியலறைக்குக்கூடக் கொண்டுபோகிறார். இரண்டொரு தடவை தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த மனிதர் வீட்டில் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

ஒரு நாள் அவர் கடைக்குப் போன நேரத்தில் நோட்டை எடுத்தாள். இங்கிலீஷ் எழுத்து தெரியாதவர், எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருந்தார். வாசிக்க முடிந்தது, அர்த்தம்தான் தெரியவில்லை. நாலு பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு, நோட்டை இருந்த மாதிரியே திருப்பி வைத்தாள்.

ராசா டவுனில் ஹிதாயத்துல்லா பாயின் சாப்பாட்டுக் கடையில்தான் அவளுக்குக் காய்கறி நறுக்குகிற வேலை. மதியக் கூட்டம் கலைந்ததும், கல்லாவில் இருந்த பாயின் மகள் ருமைசாவிடம் போனை நீட்டினாள். ருமைசா கல்லூரி முடித்த பெண்.

“இது யாரோட நோட்டு ஆன்ட்டி?”

“தெரிஞ்சவங்க வீட்டுது. அர்த்தம் மட்டும் சொல்லு.”

ருமைசா ஒவ்வொன்றாகச் சொன்னாள். உன்னை நினைத்துக் கவலையாக இருக்கிறது. அவனை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. உன்மேல் பிரியமாக இருக்கிறேன். புஷ்பவள்ளிக்குக் காது சுட்டது. கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் தமிழில் வந்ததில்லை. உப்பு தூக்கல் என்பார், மழை வரும் என்பார், அவ்வளவுதான்.

“நடுவுல அடிச்சி அடிச்சி எழுதியிருக்காரே, அது என்னா?”

“கோவம்னா வித் போடணும், பயம்னா ஆஃப், கவலைன்னா அபௌட். அதுக்கெல்லாம் கணக்கு கெடையாது ஆன்ட்டி, பழகப் பழகத்தான் வரும். இவரு மொதல்ல மாத்தி மாத்திப் போட்டிருக்காரு, அப்புறம் திருத்தியிருக்காரு.” ருமைசா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “வீடியோ பாத்துப் படிச்ச மாதிரி தெரியல. இவரு சொல்லச் சொல்ல, எதிர்ல யாரோ பொறுமையாத் திருத்தியிருக்காங்க.”

எதிரில் யாரோ. புஷ்பவள்ளிக்கு அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. கோலா சாவா போகிற பஸ்ஸில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். இங்கிலீஷ்காரியா, சிரம்பானில் ஏதாவது ஆபீஸில் இருக்கிறவளா, எவளாக இருந்தால் என்ன. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே மகன் புனிதன், சிங்கப்பூரில் கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கட்டிக்கொண்டு, இந்த வீட்டு வாசலில் இனிமேல் கால் வைக்க மாட்டேன் என்று போய்விட்டான். இப்போது இவரும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளும் சாமி படமும்தான். அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. ஆனால் கோபப்படுவதுதான் அவளுக்குக் கைவந்த வேலை. ஆகவே அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தாள்.

பிடிக்க அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பெய்த மழையில் தோட்டத்துக்கே கரண்ட் போய்விட்டது. சனிக்கிழமை காலை இராஜமாணிக்கம் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றபோதுதான் கரண்ட் வந்தது. அவருடைய போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அதைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, போவதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். எண்ணெய் கண்ணில் இறங்கவும் குளிக்கப் போய்விட்டார்.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது, வீடியோ கால். திரையில் ‘ஜாகா ஆபீஸ்’ என்று வந்தது. புஷ்பவள்ளி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பச்சையை அழுத்தினாள். எந்த ஜாகா ஆபீஸ் முகத்தைக் காட்டிக்கொண்டு கூப்பிடும்?

தலைமுடியை அள்ளி முடிந்த ஒரு பெண் திரையில் வந்தாள். தூக்கமில்லாத முகம், தோளில் துணி சுற்றிய கைக்குழந்தை. “குட் மார்னிங், டாடி,” என்று சிரித்தவள், எதிரே இருப்பது யாரென்று பார்த்ததும் சிரிப்பை விட்டாள். அதற்குள் புஷ்பவள்ளிக்கும் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு தடவை, வாசலுக்கு வெளியே நிற்கவைத்துப் பார்த்த முகம்.

அந்தப் பெண் துணியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். மூடிவிட்டுத்தான் பக்கத்தில் யாரையோ கூப்பிட்டாள். திரை ஆடியது. புனிதன் வந்தான். கன்னம் சதை போட்டிருந்தது, கண்ணாடி போட்டிருந்தான்.

“அப்பா இல்லியா?”

மூன்று வருடமாக அவனிடம் கேட்பதற்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் ஒரு மூட்டை இருக்கும்.

“குளிக்கிறாரு,” என்றாள்.

“சரி, அப்புறம் கூப்புடறோம்.”

“எப்பப்பா பொறந்திச்சி?” என்று அவள் கேட்டபோது திரை அணைந்திருந்தது.

முதலில் வந்தது நிம்மதிதான், அதை மறைப்பானேன். எவளும் இல்லை, அவர் எங்கும் போகவில்லை. அந்த நிம்மதி அரை நிமிடம்கூட நிற்கவில்லை. குழந்தையின் முகத்தை மூடிய அந்தக் கை அவள் கண்ணைவிட்டுப் போக மறுத்தது.

இராஜமாணிக்கம் துண்டோடு வந்தார். அவள் கையில் போனைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றார்.

“ஒங்க ஜாகா ஆபீஸ்லேந்து வந்திச்சி,” என்றாள் புஷ்பவள்ளி.

அவர் மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“எவ்ளோ நாளா?”

“ஒரு வருசமாப் பேசிக்கிட்டிருக்கோம். அந்தப் பொண்ணுக்குத் தமிழும் வராது, மலாயும் வராது. மொதல்ல சும்மா சிரிச்சிக்கிட்டே இருந்தேன். எத்தினி நாளைக்குச் சிரிக்கிறது? சாப்டியான்னா கையால கேட்டுடலாம். ஒன்ன நெனச்சிக் கவலையா இருக்குன்னு கையால எப்பிடிச் சொல்றது? அதான் அதுகிட்டயே கேட்டு எழுதிக்கிட்டேன். தப்பாச் சொன்னா திருத்தும். நல்ல பொண்ணு வள்ளி.”

“என்கிட்ட ஏன் மறைச்சீங்க? நான் என்னா பேயா?”

அவர் துண்டின் நுனியைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு, இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் ஒரு தடவைகூட எடுக்காத பேச்சை எடுத்தார்.

“அன்னிக்கு நீ அந்தப் பொண்ணோட பேரையும் பொறந்த தேதியையும் தாள்ல எழுதிக்கிட்டுப் பூசாரிகிட்டப் போனல்ல. ரெண்டு பேரையும் பிரிச்சு வைக்கச் சொல்லி. அந்தத் தாளப் புனிதன் பாத்துட்டான். அடுத்த மாசமே அதுக்கு வயித்துல இருந்தது கலைஞ்சு போச்சு.”

“அதுக்கு நான் என்னா செய்வேன்? பூசாரி கட்டுனதுல புள்ள கலையுமா?”

“கலையாதுதான். நான் அப்பிடிச் சொல்லல. அவனும் சொல்லல.”

யாரும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று புஷ்பவள்ளிக்குத் தெரியும். ஊரையே சந்தேகப்பட்டு ஆள் பிடிக்கிறவளை மூன்று வருடமாக மூன்று பேர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவளுக்கு மூச்சுக்கூடக் கேட்கவில்லை. தப்பு செய்தோமா என்று அவள் அதுவரை தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை. மகனைத் திருப்பிக்கொள்ள எந்தத் தாயும் செய்வதைச் செய்தோம் என்றுதான் இருந்தாள். இப்போது வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் அடுப்பைப் போய் அணைத்துவிட்டு வந்தாள்.

“ஆணா, பொண்ணா?”

“பொண்ணு. நாப்பது நாளாச்சு.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். குரலைக் கூடிய மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

“என்னா பேரு வச்சிருக்காங்க?”

இராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டு, அவள் கையிலிருந்த போனை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“ஒன்கிட்ட சொல்லலாமான்னு அவங்களக் கேட்டுட்டுச் சொல்றேன் வள்ளி,” என்றார்.