நாற்பத்தொன்றை நூறாக்கப் பார்த்த கதை

1

இந்தக் கதையை ஒரு பொய்யில் தொடங்கினேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் பெயர் மந்திரமூர்த்தி. மேலப்பாளையத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர். அங்கே கணக்கு எடுப்பவர் முஃபீதா டீச்சர். அவருடைய தம்பி நாசர் இங்கிலாந்தில் ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிரிக்கெட் அணியின் ஓபனர், அதாவது முதலில் இறங்கும் மட்டையாளர். பதினொரு வருடங்களாக அதுதான் அவன் தொழில். (எந்தக் கவுண்டி என்று எழுத வேண்டாம் என்றான். எழுதவில்லை.) போன செப்டம்பரில் அவன் ஆடிய ஓர் ஆட்டத்தை டீச்சர் ஆசிரியர் அறையில் சொன்னார். வீட்டுக்குப் போய் எழுதினேன். எழுதும்போது, அவன் அடிக்காத நூறை அடிக்கவைத்தேன்.

(பள்ளியில் டீச்சர் எனக்கு ‘அவர்’. கதைக்குள் ‘அவள்’. இதற்கு அனுமதி வாங்கியாயிற்று.)

2

முதல் தொடக்கம்: ‘தாமிரபரணியின் சலசலப்பைக் கேட்டு வளர்ந்த அந்தச் சிறுவன்…’

விட்டுவிட்டேன். நாசர் ஆற்றங்கரையில் ஆடியதே கிடையாது.

இரண்டாவது: ‘மொட்டைமாடியில் முஃபீதா தண்ணீர் தெளித்தாள்.’

இது நடந்தது. சிமெண்டுத் தரை நனைந்தால் பந்து சறுக்கிக்கொண்டு வேகமாக வரும். டென்னிஸ் பந்தின் ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பு டேப்பை ஒட்டி, தொட்டிப் பக்கமிருந்து ஓடிவந்து அவள் வீசுவாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்குப் பத்து. கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் பந்து நூகு மாமா வீட்டு முற்றத்தில் விழும். மாமா திருப்பித் தரமாட்டார். ஆட்டம் அன்றோடு சரி. அதனால் தூக்கி அடிப்பது தடை. தரையோடு ஆடு, இல்லையென்றால் விட்டுவிடு.

ஓபனராக இருக்க வேறென்ன வேண்டும்? புதுப் பந்து, புதுத் தெம்போடு பந்துவீச்சாளர்கள். அதைத் தாங்கி நிற்பதுதான் வேலை.

முஃபீதாவுக்குப் பதினைந்து வயதானதும் வாப்பா மாடி விளையாட்டை நிறுத்தினார். இந்த இடத்தில் ஒரு பாரா சோகம் எழுதினேன். டீச்சர் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்தார்.

“ஆட ஆச இல்லையா டீச்சர் உங்களுக்கு?”

“இருந்துச்சு. இல்லன்னு யாரு சொன்னா? ஆனா பாவம் பாத்து எழுதாதீங்க சார். எம் பந்துல நின்னு பழகித்தான் அவன் ஓபனர் ஆனான். அத எழுதுங்க.”

எழுதிவிட்டேன்.

3

நாசர் பத்தொன்பது வயதில் படிக்கப் போனான். அங்கே சனிக்கிழமை கிளப் ஆட்டங்கள், பிறகு கவுண்டியின் இரண்டாம் அணி, குடியுரிமை, இருபத்தைந்தில் ஒப்பந்தம். பதினான்கு சதங்கள் அடித்தான். எந்த நாட்டுக்கும் ஆடவில்லை.

“தம்பி இந்தியா டீம்ல ஆடுதானா?” என்று ஊரில் கேட்பார்கள்.

“இல்ல. கவுண்டில ஓபனிங் எறங்குதான்.”

“எந்த டிக்கெட் கவுண்டர்ல? ஜங்ஷன்லயா?”

முஃபீதா சிரிக்கமாட்டாள். அப்படியே நின்று கவுண்டி என்றால் என்னவென்று முழுதாக விளக்கிவிட்டுத்தான் நகர்வாள்.

4

இப்போது அந்த ஆட்டம். இந்த முறை நடந்தபடியே.

நான்கு நாள் ஆட்டத்தின் கடைசி நாள். வெல்ல வழியில்லை. நாள் முடியும்வரை பத்து விக்கெட்டும் விழாமல் இருந்தால் டிரா. தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். நாசருக்கு முப்பத்தாறு வயது. இரண்டாம் நாள் கேட்ச் பிடிக்கப்போய் இடது பெருவிரல் எலும்பில் விரிசல். இறங்க வேண்டாம் என்றார் மருத்துவர். இறங்கினான்.

பள்ளி விட்டு வந்து முஃபீதா போனைத் திறந்தபோது அவன் இரண்டு ரன். மைதானத்தில் ஒரே கேமரா, எறும்பளவு ஆட்கள். அந்த எறும்புகளில் தம்பி எது என்று அவளுக்குத் தெரியும். பந்தை விடும்போது மட்டையைத் தோளுக்கு மேல் தூக்குகிறவன்.

எதிர்முனையில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒன்பது விக்கெட் விழுந்தது. கடைசி ஓவரை நாசர் சந்தித்தான். நான்காவது பந்து நேராகப் பெருவிரலில் பட்டது. மட்டை கீழே விழுந்தது. மண்டியிட்டான்.

“எந்திரிலே,” என்றாள் முஃபீதா போனைப் பார்த்து. “இன்னும் ரெண்டுதான். எந்திரி.”

எழுந்தான். ஒன்றைத் தடுத்தான். ஒன்றை விட்டான்.

இருநூற்று முப்பத்தாறு பந்துகள், நாற்பத்தொரு ரன், ஆட்டமிழக்கவில்லை. எதிரணி வரிசையாக வந்து கைகொடுத்தது. அவன் வலது கையை மட்டும் நீட்டினான். முஃபீதா அதுவரை பள்ளிக்குக் கட்டிப்போன சேலையைக்கூட மாற்றவில்லை.

5

நான் நூறு என்று எழுதிய தாளைப் படித்ததும் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவன் நூறு அடிக்கலையே சார்.”

“கதைதானே டீச்சர். நூறுன்னா வாசகருக்குச் சட்டுன்னு புரியும்.”

“நூறு அடிச்சவன் ஆயிரம் பேரு இருக்கான். ஒடஞ்ச வெரலோட நாள் முழுக்க நின்னவன் எந்தம்பி. அவன் நின்னத எடுத்துட்டு, அடிச்சதா எழுதுதீங்களே!”

பதினெட்டு வருடமாகக் கதை எழுதுகிறவன், நாற்பத்தொன்று எவ்வளவு பெரியது என்று அன்றுதான் அறிந்தேன்.

6

முடிவு பாக்கி. அணி அவனுக்கு இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் நீட்டியது. ஆடுவதா, நிறுத்துவதா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். நான் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) கையெழுத்துப் போடுகிறான். ஏப்ரல் குளிரில் மறுபடி முதல் பந்து.

ஆ) மட்டையை உறைக்குள் வைத்துவிட்டு…

டீச்சர் (ஆ)வைப் படித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வியாழக்கிழமை, முற்பகல் இடைவேளை. அவனுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். ஸ்பீக்கரில் நாசர் அக்காளைக் கூப்பிட்டான்: “லாத்தா, நீயே சொல்லு. நீ என்ன சொல்லுதியோ அதான்.”

டீச்சர் ஸ்பீக்கரை அணைத்தார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் வெளிய இருங்க. கதவ பைய சாத்திட்டுப் போங்க.”

சாத்தினேன். உள்ளே அவள் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. பிறகு சிரித்தாள், வராந்தா முழுக்கக் கேட்கும்படி.

என்ன சொன்னாள் என்று மறுநாள் எனக்கும் தெரிந்தது. டீச்சரே சொன்னார். எழுதப்போவதில்லை. அக்காள் தம்பி விஷயத்தில் ஏற்கெனவே ஒருமுறை கைவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.